திறப்பு விழாவுக்குக் காத்திருந்த ஊற்று

காரைக்காட்டில் ஈட்டியப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. மேடையில் பேசுவதிலும் கிடையாது. முதல் திறமையால் காட்டுக்கு நல்லது நடந்தது. இரண்டாவது திறமையால் என்ன நடந்தது என்பதுதான் கதை.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மிச்சமிருந்த தண்ணீர் பாறைக்குக் கீழே இருந்த மடுவில்தான். அந்த மடுவில் ஒரு முதலை குடியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

ஈட்டியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. அதைக் கெட்ட பிராணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காட்டின் இளவட்டங்களை எல்லாம் இலுப்பை மரத்தடியில் கூட்டியது.

"பெரியவங்க வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நாம மண்ணைப் பாப்போம்! காஞ்ச ஓடையில ஆழமாத் தோண்டினா ஊத்து வரும். இளம்பிராணிகள் நற்பணி மன்றம்னு ஒண்ணு ஆரம்பிப்போம். யார் யார் வர்றீங்க?"

முயல் காதைச் சொறிந்தது. குரங்குகள் ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டன. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"நான் வர்றேண்ணே!"

புள்ளியம்மா என்ற சருகுமான் அது. மான் இனம் என்றுதான் பெயர். ஆனால் முயலின் உயரம்கூட இருக்காது.

குரங்குகள் சிரித்தன. "நீ எங்க தோண்டுவே? குழிக்குள்ள விழுந்தா உன்னைத் தேடவே நாலு பேர் வேணும்!"

"எனக்குத் தோண்டத் தெரியாதுதான். அண்ணன் தோண்டுற மண்ணை உதைச்சு வெளிய தள்ளுவேன்" என்றது புள்ளியம்மா. "எங்கம்மா நிறைமாசமா இருக்கு. மடுப்பாறையில இறங்கி ஏற அதால முடியாது. கிட்டத்துல தண்ணி வந்தா அது பிழைச்சுக்கும்."

ஈட்டியப்பனின் கண் கலங்கிவிட்டது. "இவதான் நம்ம மன்றத்தோட முதல் உறுப்பினர்!" என்று உரக்கச் சொன்னது. அதன்பிறகு மற்றவற்றுக்கும் ரோஷம் வந்தது. முயல் வந்தது. குரங்குகள் வந்தன.

வேலை மும்முரமாக நடந்தது. ஈட்டியப்பன் தோண்டியது. புள்ளியம்மா தன் குச்சிக் கால்களால் மண்ணை உதைத்து உதைத்து வெளியே தள்ளியது. முயல் வேர்களைக் கடித்து அறுத்தது. குரங்குகள் கல்லைப் புரட்டின, பாதி நேரம் சண்டையும் போட்டன. கடைசியில் ஒரு காலைப்பொழுதில் மணல் ஈரமானது. பிறகு கசிந்தது. பிறகு பளிச்சென்று தண்ணீர் ஊறி நின்றது!

"தண்ணி! தண்ணி!" என்று எல்லாம் குதித்தன.

"பொறுங்க, பொறுங்க! இப்பவே இறங்கினா கலங்கிடும். நல்லா தெளியட்டும்" என்றது ஈட்டியப்பன். அது நியாயமான பேச்சுதான். வினை அதற்குப் பிறகு வந்து சேர்ந்த மைனாவின் வாயில் இருந்தது.

"தலைவரே! இவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு, சத்தமில்லாம எல்லாரும் வந்து குடிச்சிட்டுப் போறதா? ஒரு திறப்பு விழா வேணாமா? மலைக்கு அந்தப் பக்கம் கொம்பையா யானை இருக்காரு. அவர் வந்து துதிக்கையால திறந்து வெச்சா, மன்றத்தோட பேரு நாலு காட்டுக்கும் பரவும். உங்க பேரும்தான்!"

'தலைவரே' என்றதிலேயே ஈட்டியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே இலந்தை முள்ளைக் கொண்டுவந்து ஊற்றைச் சுற்றி வேலி போட்டது. இடைவெளி இருந்த இடத்தில் தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களையும் நட்டது.

"கொம்பையா திறந்து வைக்கிற வரைக்கும் ஒரு சொட்டு யாரும் தொடக்கூடாது. இது மன்றத்தின் முடிவு!"

மன்றம் எப்போது கூடி முடிவெடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பதவி கிடைத்திருந்தது. முயல் செயலாளர். மைனா விளம்பரச் செயலாளர். ஒரு குரங்குக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் கோபம் வரும் என்பதால் எல்லாக் குரங்குகளும் துணைத் தலைவர்கள். பதவி எதுவும் கேட்காத புள்ளியம்மா வெறும் உறுப்பினராகவே இருந்தது.

தோரணம் கட்டினார்கள். வரவேற்பு வளைவு வைத்தார்கள். கொம்பையா மட்டும் வரவில்லை. மைனா போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"வர்றேன்னுதான் சொல்றாரு தலைவரே! வந்துக்கிட்டே இருக்காரு!"

உறுப்பினர்கள் கிழங்கையும் கற்றாழையையும் மென்று நாக்கை நனைத்துக்கொண்டார்கள். வேலிக்கு உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஒரு நாள் மத்தியானம் புள்ளியம்மா தலைவரைத் தேடி வந்தது. ஈட்டியப்பன் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று வரவேற்புரையைப் பழகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியலை. நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரே ஒரு வாய் தண்ணி. யாருக்கும் தெரியாம கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்."

"நீயே இப்படிக் கேக்கலாமா தாயி? முதல் உறுப்பினரே விதியை மீறினா மத்தவன் மதிப்பானா? நாளைக்குக் காலையில கொம்பையா கண்டிப்பா வந்துடுவாரு. ஒரு பொழுது பொறுத்துக்கச் சொல்லு."

"அம்மா பொறுத்துக்கும்ணே. வயித்துல இருக்கிறது பொறுக்கணுமே!"

ஈட்டியப்பனின் மனசு ஒரு கணம் தடுமாறியது. ஒரு முள்ளை நகர்த்தினால் போதும். ஆனால் இதற்குத் திறந்தால் அடுத்தது வந்து கேட்கும். யானை வரும்போது ஊற்று கலங்கிக் கிடந்தால் மன்றத்துக்கு என்ன மரியாதை? அது தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவைத் தலைவர் அவர்களே" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. புள்ளியம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மைனா பறந்து வந்தது. எப்போதும் தூரத்திலேயே கத்திக்கொண்டு வரும் மைனா, அன்று சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்ன? கொம்பையா கிளம்பிட்டாரா?"

"இல்ல தலைவரே. புள்ளியம்மாவோட அம்மா... மக கிழங்கு தேடப் போனப்ப, தனியா மடுவுக்கு இறங்கிடுச்சு. திரும்ப ஏற முடியலை. முதலை..."

ஈட்டியப்பன் ஓடியது. வேலியை வாயால் கடித்து இழுத்தது. இலந்தை முள் உதட்டைக் கிழித்தது. இழுத்து இழுத்து எறிந்தது. ஊற்று திறந்து கிடந்தது. சத்தம் கேட்டு உறுப்பினர்கள் வந்து நின்றார்கள். யாரும் வாய் வைக்கவில்லை.

புள்ளியம்மாவும் வந்தது. அழுது ஓய்ந்த முகம்.

"அண்ணே, இந்த மண்ணை நான்தானே தள்ளினேன்?"

"ஆமா தாயி."

"அப்ப எங்கம்மாவுக்கு ஒரு வாய் கொடுக்க நான் ஏன் உங்களைக் கேட்டேன்? நேரா கூட்டிட்டு வந்திருக்கணும். ஒரு முள்ளை நகர்த்தினா புகுந்து போற அளவுதானே நாங்க இருக்கோம்! தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

புள்ளியம்மா தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைப் பக்கமாக நடந்தது.

மறுநாள் கொம்பையா யானை தன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. வரவேற்பு வளைவு அதன் முதுகில் பட்டுச் சரிந்தது. அது கவனிக்கவே இல்லை. ஊற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இங்க தண்ணி இருக்கா! இதை யாரும் எனக்குச் சொல்லலையே!"

"ஐயா, மைனாவை அனுப்பினோமே" என்றது முயல்.

"மைனா வந்துச்சு. தோரணம் கட்டியிருக்கு, தலைவர் பேசுவாரு, நீங்க திறந்து வைக்கணும்னுச்சு. விழான்னா மெதுவாப் போகலாம்னு இருந்துட்டேன். தண்ணின்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே! எங்க குட்டிகளும் நாக்கு வறண்டுதானே கிடந்துச்சு!"

மைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. வரவேற்புரை ஆற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஈட்டியப்பன் ஒரு புதர் மறைவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

யானைகள் ஊற்றை அகலமாக்கின. காடு பிழைத்தது. ஆனால் ஈட்டியப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு நாள் விடிந்ததும் மலை ஏறிப் போனது. அந்தப் பக்கச் சரிவில், ஒரு பாறை இடுக்கில் சொட்டிய நீரை நக்கிக்கொண்டிருந்தது புள்ளியம்மா. முன்னைவிட மெலிந்திருந்தது.

"தாயி, நான் செஞ்சது பெரிய பாவம். என்னை மன்னிச்சிடு. திரும்பி வந்துடு. இனிமே மன்றத்துக்கு நீதான் தலைவி! எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

புள்ளியம்மா நிமிர்ந்து பார்த்தது. "உங்க மேல கோபம் இல்லண்ணே. நீங்க கூப்பிடலைன்னா அந்த ஊத்தே வந்திருக்காது. அது எனக்குத் தெரியும்."

"அப்ப வா!"

"வந்தா குடிக்கணுமே. அந்தத் தண்ணி என் தொண்டையில இறங்காதுண்ணே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈட்டியப்பன் வந்த வழியே தனியாக இறங்கியது.

பிறர் தாகம் தீர்க்கத் தொடங்கிய பணியைத் தன் பேருக்காக ஒரு பொழுது நிறுத்தி வைத்தவன், பிறகு எத்தனை வருந்தினாலும் அந்தப் பொழுதைத் திருப்பித் தர முடியாது.