தலைவர் எழுதிக் கொடுத்த உத்தரவு

கோவில்பட்டியில் காமிக்ஸ் ரசிகர் மன்றம் ஒன்று இருந்தது. மொத்தம் பதினோரு பேர். உள்ளூர்க்காரர்கள் வரையும் சித்திரக்கதைகளைச் சேர்ந்து அச்சடித்து விற்பது அவர்கள் வேலை. அந்த வருஷம், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி அந்தோணிராஜ் இரண்டு வருஷமாக வரைந்த கதையை முந்நூறு பிரதி போட்டுப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

கண்காட்சி விழாக் குழுத் தலைவர் சிவஞானம் மன்றத்தின் கடைக்கு வந்தார். ஒரு பிரதியைப் புரட்டினார்.

"படத்தைப் போட்டுப் பக்கத்துல நாலு வரி எழுதினா அது புத்தகமா? மூட்டையைக் கட்டுங்க."

அந்தோணிராஜின் முகம் வாடிப்போனது. மன்றச் செயலாளர் முப்பிடாதி, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள், பணிவாகக் கேட்டாள். "எழுதிக் குடுத்துருங்கய்யா. உடனே எடுத்துர்றோம்."

'படமும் எழுத்தும் சேர்ந்த எதுவும் கண்காட்சி மைதானத்தில் இருக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் தலைவர்.

முப்பிடாதி நேராக மைதான வாசலுக்குப் போனாள். பந்தல்காரரிடம் ஏணி வாங்கிச் சாத்தி ஏறி, அங்கே கட்டியிருந்த முப்பதடி ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அதில் தலைவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'வருக வருக' என்று எழுதியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. தலைவர் ஓடிவந்தார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு அவுக்கிற?"

முப்பிடாதி மேலிருந்தே காகிதத்தை நீட்டினாள். "உங்க உத்தரவுதான்யா. படம் இருக்கு, பக்கத்துல எழுத்தும் இருக்கு. இதை இறக்கிட்டு எங்க கடையை எடுத்துர்றேன்."

கூட்டம் சிரித்தது. தலைவர் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"அப்போ கடை போடலாமாய்யா?"

"எங்கன வேணாலும் போடு தாயி. முதல்ல ஏணியை விட்டு இறங்கு."