பதினோரு கண் பாலத்தின் பூட்டு

தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டிய கதை இது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடைசியில் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

மேற்கு மலையடிவாரத்தில் சுனையாற்றுப் பள்ளத்தைத் தாண்டி நிற்கிறது பதினோரு கண் பாலம். ஆற்றுக்குள்ளிருந்து கருங்கல் தூண்கள் பனை உயரத்துக்கும் மேலே எழும்பி, பதினோரு வளைவுகளாகக் கைகோத்து, மலையோடு மலையாகத் திரும்பிப் போகும். மீட்டர் கேஜ் ரயில் நின்று, புதுப் பாதை வேறு பக்கம் சுரங்கம் குடைந்துகொண்டு போன பிறகு, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். பாலம் மட்டும் அப்படியே நின்றது, ரயில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கென்ன என்பதுபோல.

அதன் காவல்காரி செண்பகவல்லி. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்த கணவன் இறந்ததும் கிடைத்த வேலை. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. கல்லிடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றுகளைப் பிடுங்குவதற்காகத் தினமும் பாலத்தின் பாதித் தூரம் போய்வருவாள். அதற்கு அப்பால் போக அவளுக்கும் அனுமதி இல்லை.

பூட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ் மரியபுஷ்பம். அவருடைய ஒரே மகன் ரீகன், கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தபோது தவறி விழுந்து இறந்தான். அதற்குப் பிறகுதான் பாலத்தின் இரு முனையிலும் ரயில்வே இரும்புக் கதவு போட்டது. சாவி செண்பகவல்லியின் இடுப்புக்கு வந்த அன்று மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இந்தப் பாலத்தத் தாண்டிப் போக ஒருத்தரையும் விடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு, செண்பகம்."

பண்ணினாள். கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடிகள் கெஞ்சினார்கள், எம்.எல்.ஏ.வின் மைத்துனர் மிரட்டினார். பூட்டு திறக்கவில்லை.

இப்படியிருக்க, ஒரு ஐப்பசியில் பேய்மழை. சாலைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சுற்றுவழியில் மண் சரிந்துவிட்டது. இந்தக் கரையில் சுகாதார நிலையம் முழுக்க வெள்ளத்தில் அடிபட்டவர்கள். கவனிக்க மரியபுஷ்பம் ஒருவர்தான். அன்று காலை எதிர்க்கரை எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. கொழுந்து பறிக்கும் ராக்கம்மாவைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. ஊசி போட அங்கே கம்பவுண்டர் இருக்கிறார், விஷமுறிவு மருந்துதான் இல்லை.

மரியபுஷ்பம் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நேராகப் பாலத்துக்கு வந்தார்.

"கதவத் திற, செண்பகம். நான் போறேன்."

"சிஸ்டர், நீங்கதான சத்தியம் வாங்கினீங்க?"

"நான்தான் வாங்கினேன். நானே திருப்பித் தந்துட்டேன். திற!"

வெள்ளச் சேதம் பார்க்க வந்திருந்த ரயில்வே இன்ஜினீயர் ஜெயசிங் குறுக்கே வந்து நின்றார். "யாரும் போகக் கூடாது. ஏழாவது கண்ணுக்கு மேலே மண் கரைஞ்சு உள்ளே வெறுங்கூடாயிருச்சு. மேல்கல்லு சும்மா ஒக்காந்திருக்கு. சாயங்காலம் தீயணைப்புக்காரங்க கயிறு கட்டிருவாங்க, அதுவரைக்கும் பொறுங்க."

"விஷம் பொறுக்குமா, தம்பி?" என்றார் மரியபுஷ்பம்.

ஜெயசிங் அவரை மறித்தபடியே நின்றார்.

செண்பகவல்லி இருவர் முகத்தையும் பார்த்தாள். மகள் நினைவு ஒருமுறை வந்துபோனது. அவ்வளவுதான். பெட்டியை வெடுக்கென்று வாங்கினாள், கதவைத் திறந்து உள்ளே போனாள், கம்பிக்குள் கையை விட்டு வெளிப்புறமாகப் பூட்டினாள். சாவி இடுப்புக்குப் போனது.

"செண்பகம்! நான் என்னையத்தான போகவிடச் சொன்னேன்!" மரியபுஷ்பம் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"ஒங்களுக்கு அங்க ஒரு வார்டே காத்துக் கெடக்கு, சிஸ்டர். போய்ப் பாருங்க."

மழையில் அவள் விறுவிறுவென்று நடந்தாள். பாதி வரைக்கும் காலுக்குப் பழகிய இடம். அதைத் தாண்டியதும் நடை தயங்கியது. அப்போது பின்னாலிருந்து ஜெயசிங்கின் குரல் பள்ளத்தை அதிரவைத்தது.

"வலதுபக்கச் சுவரை ஒட்டிப் போங்க அக்கா! நடுவுல மிதிக்காதீங்க! செவுத்துலயே கை இருக்கட்டும்!"

ஏழாவது கண்ணில் அவள் சுவரோடு சுவராக ஒட்டி நகரும்போது, நடுவிலிருந்த கல் ஒன்று உள்வாங்கிக் கீழே போனது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டும் செண்பகவல்லி திரும்பவில்லை. மறுமுனைக் கதவின் சாவியும் அவளிடம்தான் இருந்தது; திறந்து போய் மருந்தைக் கம்பவுண்டரிடம் சேர்த்தாள். ராக்கம்மா பிழைத்தாள்.

மழை ஓய்ந்ததும் ரயில்வேயின் விசாரணை வந்தது. மரியபுஷ்பம் கோபமாகச் சொன்னார்: "எனக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டா. நான் அதத் திருப்பித் தந்தது நான் போறதுக்கு மட்டும்தான்."

ஜெயசிங் சொன்னார்: "குத்தம் என்னுடையது. போகாதேன்னு சொன்ன வாயாலேயே வழியும் சொன்னேன்."

செண்பகவல்லி சொன்னாள்: "உத்தரவ மீறினது நெசம். தண்டனை குடுங்க, வாங்கிக்கிடுதேன்."

போகத் துணிந்தவர் ஒருவர், தடுத்தவர் ஒருவர், மீறிப் போனவள் ஒருத்தி. இம்மூவரில் யார் செய்தது சரி? செண்பகவல்லி வாக்குத் தவறினாளா?

விடை: சரியாகச் செய்தவள் செண்பகவல்லிதான். அக்கரைக்குத் தேவைப்பட்டது மருந்து, நர்ஸ் அல்ல. நர்ஸ் போயிருந்தால் ஓர் உயிருக்காக ஒரு வார்டே அநாதையாகியிருக்கும். ஜெயசிங் தடுத்ததும் வழி சொன்னதும் ஒரே கடமைதான்: முதலில் ஆளைப் பாலத்திலிருந்து காப்பது, மீறிப் போய்விட்டால் பாலத்தின்மேலேயே காப்பது. ஆனால் காத்திருக்கச் சொன்னாரே தவிர, மருந்து உடனே போய்ச்சேர அவர் வேறு வழி காட்டவில்லை. செண்பகவல்லி மீறியது அலுவலகத்தின் உத்தரவை. அதற்கான தண்டனையை ஏற்கவும் அவளே முன்வந்தாள். சத்தியத்தை மீறவில்லை. வாங்கிய வாக்கைப் பாதி மட்டும் திருப்பித் தர முடியாது. மரியபுஷ்பம் அதை விட்டுக்கொடுத்த நொடியிலேயே, யார் போவது என்று முடிவு செய்யும் உரிமை சாவி வைத்திருந்தவளுக்கு வந்துவிட்டது.