மைனஸ் ஒன்று மீதி

மாலை வகுப்பு முடிந்து டுட்டோரியலில் இருந்து எல்லோரும் போய்விட்டார்கள். செண்பகவல்லி மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள். மில்லில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பத்தாவது தனித்தேர்வுக்குப் படிக்கிறாள்.

ரெஜினா டீச்சர் அவளைவிட வயதில் இளையவள். பகலெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு இங்கே வருபவள். தொண்டை கட்டியிருந்தது.

“கிளம்பலையா அக்கா?”

“இந்தக் கணக்கு வரமாட்டேங்குது டீச்சர்.”

x³ − 4x² + 5x − 3 என்ற கோவைக்கு x − 2 காரணியா என்பது கேள்வி. செண்பகவல்லி வகுத்திருந்தாள். அழித்துவிட்டு மறுபடி வகுத்திருந்தாள். தாள் அந்த இடத்தில் நைந்து கிழிந்திருந்தது.

“எப்படிப் போட்டாலும் கடைசியில மைனஸ் ஒண்ணு மிஞ்சுது. எங்கயோ தப்புப் பண்றேன்.”

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இவ்வளவு தூரம் வகுக்கவே வேண்டாம். x − 2 பூஜ்யமாகணும்னா x எவ்வளவு?”

“ரெண்டு.”

“x வர்ற இடத்துல எல்லாம் ரெண்டைப் போடுங்க.”

போட்டாள். எட்டு வந்தது. பதினாறைக் கழித்தாள், பத்தைக் கூட்டினாள், மூன்றைக் கழித்தாள்.

“மைனஸ் ஒண்ணு. அதேதான்.”

“மீதி அதுதான். பூஜ்யம் வந்தாத்தான் காரணி. நீங்க வகுத்தது ஒவ்வொரு தடவையும் சரி.”

செண்பகவல்லி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கெழமை அண்ணன் என்னை மறுபடி சாத்தூர்ல கொண்டு விடப் போறாராம்.”

சாத்தூர் அவள் புகுந்த வீடு. அவள் போவதும் திரும்பி வருவதுமாக இருப்பது டீச்சருக்குத் தெரியும்.

“வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்ல, கை நீட்டுறவர் இல்ல. அத்தையும் நல்லவங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்ப குறை எங்கிட்டதானே? இன்னொரு தடவை போய் இருந்து பாத்தாத்தானே தெரியும்?”

“அதுக்கு அங்க போகணும்னு இல்ல. இங்கயே கண்ணை மூடுங்க. அந்த வீட்டு அடுப்படியில நிக்கிறீங்க. அவர் வேலைக்குக் கிளம்பிட்டார். யாரும் உங்களைத் திட்டலை. மனசுல என்ன இருக்கு?”

மின்விசிறி கறகறவென்று சுற்றியது. கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிவிட்டாளோ என்று டீச்சருக்குத் தோன்றியது.

“அசதி,” என்றாள் செண்பகவல்லி. “எப்பப் போனாலும் அதே அசதிதான். மில்லுல ஷிப்ட் முழுக்க நின்னாக்கூட இப்படி வராது டீச்சர்.”

டீச்சர் இருமினாள். தண்ணீர் குடித்தாள். பாட்டிலை அவளிடமும் நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

“அண்ணன்கிட்ட என்னன்னு சொல்ல? எல்லாரும் நல்லவங்களா இருக்கறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது? நான் தோத்துட்டேன்னு ஆகாதா?”

டீச்சர் கேள்வித்தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“காரணியா, இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க. இல்லைன்னு எழுதினாலும் முழு மார்க்தான், அக்கா.”