தாத்தா போட்ட கையெழுத்து

மேட்டுக்கோட்டைப் பழைய புகைப்படக் கழகத்தில் மொத்தம் மூன்று பேர். மூவருக்கும் பொதுவாக ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. மூளை யாரிடம் இருந்தது என்று ஊரில் ஒருவரும் விசாரித்ததில்லை.

தலைவர் வேதாசலம் அன்று காலையிலிருந்தே ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து மார்கரெட் என்ற அம்மாள் தன் தாத்தாவின் படத்தை அனுப்பியிருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், அந்த நாட்டுச் சிப்பாய்கள் உடுத்தும் கட்டம் போட்ட பாவாடையும் இறகுத் தொப்பியும் இடுப்பின் முன்னால் தொங்கும் ரோமப் பையுமாக நின்று எடுத்துக்கொண்ட படம். "இவர் எந்தப் படைப்பிரிவுச் சிப்பாய் என்று கண்டுபிடியுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், உடையை மட்டும் பாருங்கள். அதே மாதிரி உடையோடு ஒப்பிடுங்கள்" என்று கடிதத்தில் இருந்தது. தலைவர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் கழகத்துக்குக் கொடுத்த அறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு விளக்குமாறு அடுக்கிவிடுவோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

"கண்ணு தன்னால முகத்துக்குப் போவுதே தலைவரே," என்றார் உறுப்பினர் குழந்தைவேலு.

வேதாசலம் யோசித்து, சிப்பாயின் முகத்தில் ஒரு தபால்தலையை ஒட்டினார்.

"முதுகுப் பக்கமும் பாத்துரணும்," என்றார் இன்னொரு உறுப்பினர் மாசிலாமணி. படத்தைத் திருப்பினார்கள். அங்கே சிப்பாயே இல்லை. சட்டென்று மறுபடி திருப்பினால் முன்னால் நிற்கிறார். ஏழெட்டுத் தடவை திருப்பியும் ஆள் பிடிபடவில்லை. சிப்பாய் என்றால் இப்படித்தான் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும் என்று வேதாசலம் மெச்சிக்கொண்டார்.

ஒப்பிட உடை வேண்டுமே. மாசிலாமணியின் லுங்கியைப் பாவாடையாகத் தைத்தார்கள். தேங்காய் நாரில் பை, கோழி இறகில் தொப்பி. வேதாசலம் அலமாரிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தார்.

"யாருங்க நீங்க?" என்றார் குழந்தைவேலு, மரியாதையாக எழுந்து நின்று.

"நான்தான்யா வேதாசலம்."

"அது முகத்த வச்சுச் சொல்றது. உடைய வச்சுச் சொல்லுங்க."

வேதாசலம் குனிந்து தன்னைப் பார்த்தார். கட்டம், நார்ப்பை. தொப்பியைத் தடவினார், இறகு. எப்படிப் பார்த்தாலும் சிப்பாய்தான். அவருக்குப் பகீரென்றது.

"அப்ப வேதாசலம் எங்கய்யா?"

மூவரும் தேடினார்கள். அலமாரிக்குப் பின்னால் அவருடைய வேட்டியும் சட்டையும் தரையில் கிடந்தன.

"தலைவர் இங்கதான் விழுந்து கெடக்காரு," என்றார் மாசிலாமணி. "காலையில நல்லாத்தானே இருந்தாரு. அதுக்குள்ள இப்படி எளைச்சுட்டாரே."

வேதாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனுஷன். சட்டைக்குத் தண்ணீர் தெளித்தார், விசிறினார். கைப்பக்கத்தில் பேனாவைச் செருகி, "ஒரே ஒரு கையெழுத்து போட்டுட்டுப் படுத்துக்கங்க," என்று கெஞ்சிப் பார்த்தார். சட்டை அசையவில்லை. தபாலாபீஸ் மூட இன்னும் பத்தே நிமிஷம்.

வேறு வழியில்லாமல் மூவரும் சேர்ந்து பதில் எழுதினார்கள்:

"அன்புள்ள அம்மா, உங்கள் தாத்தா எங்களுடன் சௌக்கியமாக இருக்கிறார். எந்தப் படைப்பிரிவு என்று நேரிலேயே கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. எங்கள் தலைவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதால், அவருக்குப் பதிலாக இதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் உங்கள் தாத்தா."