தேனீ பாஷை தெரிந்த புலவர்

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். பெரியவர்களும்தான், உங்களுக்குத்தான் இந்தக் கதை அதிகம் தேவைப்படும். வெகு வெகு காலத்துக்கு முன்னால், தேக்கநாடு என்றொரு நாட்டைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை, யாராவது புகழ்ந்தால் போதும், அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவருடைய அவையில் அம்பலவாணர் என்றொரு புலவர் இருந்தார். காக்கை பேசினால் எனக்குப் புரியும், கழுதை பேசினால் புரியும், கருங்குருவி பேசினாலும் புரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் அவருக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். ஆனால் வாய் இருக்கிறதே, அது பதினெட்டு பாஷைக்குச் சமம்.

அரண்மனைத் தோட்டத்தில் ஒரு மண்பானைக்குள் தேனீக்கள் குடியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவள் சடைச்சி, மலையிலிருந்து வந்தவள். தோட்டத்து மூலையில் அவளுக்கு ஒரு குடிசை, இரண்டு ஆடு. அதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், வெயில் கொளுத்தியது. பானைக்குள் ‘கும்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். ராஜா நின்று கேட்டார்.

“புலவரே, இவை என்ன சொல்கின்றன?”

அம்பலவாணர் பானையில் காதை வைத்தார். ஒரு மண்ணும் புரியவில்லை. நிமிர்ந்து ராஜாவின் முகத்தைப் பார்த்தார். உடனே எல்லாம் புரிந்துவிட்டது.

“‘வாழ்க மன்னர்’ என்று ஒரே குரலில் வாழ்த்துகின்றன, அரசே!”

ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார்.

மறுநாள் ராஜா ஆசையோடு பானையைத் தட்டினார். உள்ளேயிருந்து சீறல் கிளம்பியது. “மன்னர் வந்திருக்கிறார், அமைதி என்று ஒன்றையொன்று அடக்குகின்றன” என்றார் புலவர். ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

மூன்றாம் நாள் உள்ளே ‘பீ... பீ...’ என்று மெல்லிய ஊதல். “நாளை தங்கள் பிறந்தநாள் அல்லவா? எக்காளம் ஊதிப் பழகுகின்றன!” என்றார் புலவர். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று கொம்பு ஊதுகிறவர்களை வரவழைத்துப் பானைக்கு முன்னால் ஊதச் சொன்னார். கொம்பு முழங்கியதும் பானைக்குள் கப்சிப். “என்ன அடக்கம், என்ன அடக்கம்!” என்று புலவர் உருகினார். அதற்கு ஒரு மோதிரம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சடைச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க ராசா. முந்தாநாள் வெயிலுக்குக் கூடு வெந்துடாம றெக்கையால விசிறிக்கிட்டு இருந்துச்சு. நேத்து நீங்க தட்டவும், கிட்ட வராதேன்னு சீறுச்சு. இன்னிக்கு ஊதுறது புதுசாப் பொறந்த ராணி. ரெண்டு ராணி ஒரு வீட்டுல இருக்காது. நாளைக்கு வெயில் ஏறவும் ஒண்ணு தன் கூட்டத்தோட கெளம்பிடும். இன்னொரு பானை குடுங்க, பக்கத்துல வெச்சுடறேன்.”

“என்னை வாழ்த்தும் தேனீ என்னை விட்டுப் போவதா?” ராஜாவுக்கு மீசை துடித்தது. “நாளை உச்சிப்பொழுது வரை பார்ப்போம். தேனீக்கள் தோட்டத்தை விட்டுப் போகாவிட்டால், நீ நாட்டை விட்டுப் போக வேண்டும். போய்விட்டால், புலவர் போக வேண்டும். பானையும் கிடையாது, பக்கத்தில் வைப்பதும் கிடையாது!”

புலவர் அன்று முழுக்கப் பானையையே சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் மெல்லச் சடைச்சியின் குடிசைப் பக்கம் போனார். அவள் தன் சோற்றுப் பானையைக் கழுவி, உள்ளே தேன்மெழுகு தடவிக்கொண்டிருந்தாள்.

“அவை பறந்து போனால்தானே உனக்கு வெற்றி? பிறகு எதற்கு வீடு கட்டுகிறாய்?”

“அதுக போக்கிடம் இல்லாம அலையுமே சாமி” என்றாள் அவள்.

அம்பலவாணருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பிறந்தநாள் கூட்டம் தோட்டத்தில் நிரம்பியிருந்தது. வெயில் ஏறியது. பானை வாயிலிருந்து தேனீக்கள் பொலபொலவென்று கொட்டின. மந்திரி ஓடினார், சேனாதிபதி ஓடினார், ராஜாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பருத்த உடம்புக்காரரான அம்பலவாணர் மட்டும் ஓட முடியாமல் நின்றார். வானத்தில் மூன்று வட்டம் அடித்த கூட்டம், நேரே வந்து அவர் தலைப்பாகையில் உட்கார்ந்தது. தலைப்பாகையிலிருந்து தோள் வரை கொத்தாகத் தொங்கியது.

மாமரத்துக்குப் பின்னாலிருந்து ராஜா கத்தினார். “புலவரே, அசையாதீர்! தேனீக்கள் தோட்டத்தை விட்டுப் போகவில்லை, ஜெயித்தது நீர்தான்! இப்போது என்ன சொல்கின்றன? சொல்லும்!”

ஒரே ஒரு பொய் போதும். ‘என் புலமைக்கு முடிசூட்டுகின்றன’ என்றால் தீர்ந்தது. மாலையும் சால்வையும் மோதிரமும் அவருக்கே. எதிரே சடைச்சி, சோற்றுப் பானையை ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் கண் தேனீக்களின் மேல்தான் இருந்தது.

“தெரியலைங்க” என்றார் அம்பலவாணர்.

“என்ன?”

“தெரியலைங்க ராஜா. இன்னிக்கும் தெரியல, அன்னிக்கும் தெரியல. கழுதை பாஷைகூடத் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா சொன்னதுதான் நெசம்.”

“பயப்படாதீங்க சாமி, வயிறு முட்டத் தேன் குடிச்சிருக்கு, இப்பக் கொட்டாது” என்று சொல்லிக்கொண்டே சடைச்சி பானையை அவர் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு மாவிலையால் மெல்ல மெல்லத் தள்ளிவிட்டாள். கூட்டம் மொத்தமும் மேலே ஏறிப் பானைக்குள் போய்ச் சேர்ந்தது.

ராஜா வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது. “பொய் சொன்னவர் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“போகட்டும் ராசா” என்றாள் சடைச்சி. “அதைக் கேட்டு மயங்குனவரு இங்கதான இருப்பாரு?”

ராஜாவுக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் பாதி வழியில் அது சிரிப்பாகிவிட்டது. யாரும் எங்கும் போக வேண்டாம் என்றார். பிறகு குனிந்து, அந்தச் சோற்றுப் பானையின் வாயில் தன் காதை வைத்துக்கொண்டு கேட்டார்.

“சடைச்சி, இப்போது என்ன சொல்கின்றன?”

“காத்து வர்ற வழியை உங்க காது அடைச்சிருக்கு, தள்ளிக்கோங்கன்னு சொல்லுதுங்க.”

ராஜா தள்ளிக்கொண்டார்.

கேட்டவர்களே, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவருக்கும், பிடிக்காததையும் காது கொடுத்துக் கேட்பவருக்கும்தான் உண்மை புரியும்.