ராஜ அத்தி தலை குனிந்த கதை

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை மகுடவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றால், விழித்திருந்த நேரத்தில் ஆண்டான். சபை கூடி, சபையோர் கொட்டாவி விட்டு, பசி வயிற்றைக் கிள்ளும் வேளைக்குத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிம்மாசனத்துக்கு வருவான்.

உடனே விடங்கராயர் என்ற பிரபு எழுந்து, "மற்றவர் பிந்தி வந்தால் தாமதம். ராஜாவுக்கு ஏது தாமதம்? அவர் வருவதுதான் வேளை!" என்பார். ராஜா பூரித்துப்போவான். இந்த ஒரே வசனத்தை வைத்து ராயர் வீடு நிறையப் பட்டுச் சால்வை சேர்த்திருந்தார். ராஜாவுக்கு மட்டும்தான் அவர் வளைவார். வேறு யாருக்கும், முக்கியமாக மந்திரி நன்னம்பிக்கு, அவர் கழுத்து குனிந்ததே இல்லை. உலக்கையை விழுங்கியவர் மாதிரி நிற்பார். மந்திரி மோதிரம் தன் விரலில் இருக்க வேண்டியது என்பது அவர் நினைப்பு.

ஒருமுறை வடக்கேயிருந்து வந்த வணிகன் ஒருவன் ராஜாவுக்கு உலர்ந்த அத்திப்பழம் கொடுத்தான். தின்றதும் ராஜா துள்ளிக் குதித்தான். "இது என் குடிகள் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் பழுக்க வேண்டும்! இதற்கு ராஜ அத்தி என்று பெயர் வைத்தேன்!"

நன்னம்பி, நட்டால் வேர்விடும் கிளைத்துண்டுகளான போத்துகளை வரவழைத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஜனங்கள் கிணற்றடியில் நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் கட்டி வளர்த்தார்கள். மரம் வந்தது. காயும் வந்தது. பழம்தான் வரவில்லை. ஊர் அத்தியெல்லாம் பழுத்து உதிர்ந்து, குருவிகளும் தின்று ஏப்பம் விட்டாயிற்று. ராஜ அத்தி மட்டும் பச்சைப்பசேலென்று விறைத்துக்கொண்டு நின்றது.

ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. ஒரு காயைப் பறித்து நறுக்கென்று கடித்தான். பால் பட்டு உதடு எரிந்து பணியாரமாக வீங்கிவிட்டது. அன்று முழுக்க ராஜாவால் பேச முடியவில்லை. சபைக்கு அது நல்ல நாள்தான், யாரும் வெளியே சொல்லவில்லை.

ராயர் சும்மா இருப்பாரா? "மன்னா, பருவத்தில் பழுக்காதது ஒரு மரமா? மந்திரி வீட்டுக்கு வீடு விறகு நட்டிருக்கிறார்!" என்று காதில் ஓதினார். ராஜா கையாலேயே 'நாளைக்கு எல்லாவற்றையும் வெட்டு' என்று சாடை காட்டினான். பிறகு நன்னம்பியின் மோதிரத்தைச் சுட்டி, 'நாளைக்கு அதையும் கழற்று' என்று விரலை ஆட்டினான்.

நன்னம்பி வாடிய முகத்தோடு வீடு வந்தார். மனைவி குமுதவல்லி கொல்லையில் அத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மோதிரம் போனா போகட்டும். ஊர்ல அத்தனை பேரும் இதைப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்க. நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

அதுதான் அவரைச் சுட்டது. "பழுக்கவில்லையே, நான் என்ன செய்யட்டும்?"

"பழுக்காத மரமில்லீங்க இது. மெதுவா வர்ற மரம். நம்ம ராஜா மாதிரி."

நன்னம்பி சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் ராஜா வழக்கம்போல உச்சி வெயிலில் வந்தான். உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது. நன்னம்பி எழுந்து, "அரசே, இன்றும் தாமதம்!" என்றார்.

ராயர் பாய்ந்து எழுந்தார். "என்ன துணிச்சல்! ராஜாவுக்கு ஏது தாமதம்? அவர் வருவதுதான் வேளை!"

"எல்லா ராஜாவுக்கும் இது பொருந்துமா, ராயரே?"

"ராஜா என்று பெயர் படைத்த எவருக்கும் பொருந்தும்!"

"அப்படியானால் ராஜ அத்திக்கும் பொருந்துமே! நம் மன்னர் தம் வாயால் வைத்த பெயராயிற்றே. அது பழுப்பதுதான் வேளை. இல்லை, தாமதம் குற்றம்தான் என்றால்…" என்று இழுத்தபடி நன்னம்பி வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்தைப் பார்த்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீர், உதடு வலிக்கிறது! தை கழியும்வரை வெட்ட வேண்டாம். அதற்குள் பழுக்காவிட்டால் மோதிரம் ராயருக்கு."

அன்று மாலையே ராயர் தன் வீட்டு மரத்தை ஊர் பார்க்க வெட்டிச் சாய்த்தார். "எப்படியும் விறகுதானே!"

ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகை போயிற்று, மார்கழிப் பனியும் பெய்தது. காய்கள் அசையவில்லை. நன்னம்பி தினமும் எழுந்ததும் கொல்லைக்கு ஓடுவார். ஒவ்வொரு நாளும் மோதிரத்தைத் தடவிக்கொண்டே திரும்புவார். பயம் அவரை அரித்தது.

தை பிறந்து சில நாளில் குமுதவல்லி கத்தினாள்: "ஏங்க, ஓடி வாங்க! குனிஞ்சிருச்சு!"

விறைத்து நின்ற காய்களெல்லாம் காம்பு தளர்ந்து, கருநீலமாகத் தலை தொங்கியிருந்தன. மாவும் பலாவும் இல்லாத காலத்தில் ஊரே மணத்தது. வீட்டுக்கு வீடு தட்டு நிறையப் பழத்தோடு அரண்மனைக்கு வந்தார்கள். ராஜா கூட விடிகாலையிலேயே எழுந்து வந்து நின்றான்!

தின்றுகொண்டே கேட்டான். "மந்திரியாரே, இது பழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?"

"காயாக இருக்கும்வரை கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும், அரசே. பழுத்தால் தானாகக் குனியும்."

கடைசியாக ராயர் வந்தார், வெறுந்தட்டோடு. "ராயரே, உம் வீட்டுப் பழம்?" என்றான் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது.

நன்னம்பி சிரிக்கவில்லை. தன் மரத்தில் வெட்டிய போத்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை நடுங்கள், ராயரே. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தின்னட்டும். கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை."

ராயர் கண் கலங்கியது. இரண்டு கையாலும் அதை வாங்கினார். வாங்கும்போது, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கழுத்து மெல்ல வளைந்து மந்திரிக்கு முன்னால் தாழ்ந்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நன்னம்பியின் கழுத்தில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினான்.

"அடடா, நம் ராயர் பழுத்துவிட்டார்!"