மதகில் தொங்கிய ஒன்பது வில்லைகள்

மூன்று ஊருக்கு ஒரே ஏரி என்றால் என்ன நடக்கும்? அடிதடிதான் நடக்கும். வேண்மாள் என்னும் தலைவி ஆண்ட சீமையில் அதைத் தவிர்க்க ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. மதகு திறக்கும் நாளில் தலைவி ஒரு கணக்குக் கேட்பாள். விடை சொன்ன ஊருக்கு முதல் தண்ணீர்.

அந்த வருடம் ஊருக்கு ஒன்பது மரவில்லைகள் கொடுத்தாள். ஒன்று முதல் ஒன்பது வரை, வில்லைக்கு ஓர் இலக்கம்.

"ஒன்பதையும் கயிற்றில் கோத்து ஒரு பேரெண்ணை மதகில் மாட்டுங்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடக் கூடாது. அப்படி மாட்டிய ஊருக்கே முதல் தண்ணீர். வகுபடும் எண்ணை மாட்டிய ஊர், மற்றவர்களுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்!"

மேட்டூருக்காக வில்லைகளை வாங்கிக்கொண்டவள் ஆதிரை. அவள் ஊர் நாற்றங்கால் மஞ்சளடித்துக் கிடந்தது. முதல் தண்ணீர் தப்பினால் அந்தப் போகமே போச்சு.

கீழூர்ச் சாத்தன் 98,76,54,321-ஐ மாட்டிவிட்டு மீசையை முறுக்கினான். "ரெண்டாலயும் போகாது, அஞ்சாலயும் போகாது!" நடுவூர் அழிசிக்கு மூளை அதிகம். அவன் 24,68,13,579-ஐ மாட்டினான். "ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்துட்டேன். அசையல!"

ஆதிரையும் கோத்தாள். மூன்றால் வகுத்தாள், மீதியில்லை. எரிச்சலில் கயிற்றை இழுக்க, அது அறுந்து வில்லைகள் நாலாபக்கமும் உருண்டன. கைக்கு வந்த வரிசையில் பொறுக்கிக் கோத்து மறுபடி மூன்றால் வகுத்தாள். மீதியில்லை! வேண்டுமென்றே கலைத்துப் போட்டாள். அப்போதும் மீதியில்லை! இதென்னடா கூத்து என்று வில்லைகளை மடியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டென்று துள்ளி எழுந்தாள்.

"அண்ணி, பொழுது சாயுது. எதையாவது மாட்டுங்க!" என்று பதறினான் கொழுந்தன்.

"மாட்டினாத்தான்டா கெட்டோம்!"

அவள் வில்லைகளை மடியில் ஏந்திக்கொண்டு, வெறுங்கயிற்றோடு ஓடிப்போய்த் தலைவி முன் நின்றாள். "தாயே, நீங்க கேட்ட எண்ணு உலகத்துலயே கிடையாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேண்மாள் சிரிக்கவில்லை. ஆதிரையின் மடியிலிருந்த வில்லைகளையே உற்றுப் பார்த்தாள்.

கேட்டவர்களே, மூவரில் யார் சொன்னது சரி? வேண்மாள் தன் சொல் தவறாமல் முதல் தண்ணீரை யாருக்கு விட வேண்டும்?

விடை: ஆதிரை சொன்னதே சரி. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி வரும் தொகை மூன்றால் வகுபட்டால், அந்த எண்ணும் வகுபடும். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் நாற்பத்தைந்து. வில்லைகளை எப்படிக் கலைத்தாலும் அந்தத் தொகை மாறப் போவதில்லை. ஆகவே எப்படிக் கோத்தாலும் அந்த எண் மூன்றால் வகுபடும். பெரிய எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்த அழிசி, பாவம், மூன்றை மறந்துவிட்டான். பரிசுக்குரிய எண்ணை ஆதிரையும் மாட்டவில்லைதான். ஆனால் வகுபடும் எண்ணை மாட்டிய இரண்டு ஊரும் பின்னால் போக வேண்டும் என்பது தலைவியின் வாக்கு. அவை பின்னால் போனால் முன்னால் மிஞ்சுவது எது? மதகு திறந்தது. மேட்டூர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்தது.